பள்ளி நாட்காட்டி யார் வீட்டுக் கணக்குப்படி ஓடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூனில் பள்ளி திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழுப் பரீட்சை, மே முழுக்க விடுமுறை. நமக்கெல்லாம் இது சூரியன் உதிப்பதுபோல் இயற்கையாகிவிட்டது. இதை மாற்றலாமா என்று பேச்செடுத்தால் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டை வைத்தே பேசுகிறேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளியே போய் வருகிறேன்.

விடுமுறை விஷயம்தானே? இதற்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்குள் எந்த மாதம் பணம் வருகிறது, எந்த மாதம் வெளியே போகிறது என்பதுதான் சம்பந்தம். மாதச் சம்பளக்காரருக்கு ஆனியும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

கிழக்குக் கடற்கரையைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 61 ஆக நீட்டினார்கள். நியாயமான தடைதான், மீனவர்களே அதை மறுப்பதில்லை. ஆனால் பள்ளி திறப்பது எப்போது? ஜூன் முதல் வாரம் அல்லது அதை ஒட்டி. இரண்டு மாதமாகப் படகில் வேலை இல்லாமல், கையில் இருந்ததைத் தின்று தீர்த்த வீட்டில் வந்து விழுகிறது பள்ளிச் செலவு. அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் இலவசம். அந்த மட்டில் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் பிள்ளையை ஆங்கில வழிக்கென்று தனியார் பள்ளியில் சேர்த்த வீட்டுக்கும், விடுதியில் விட்டிருக்கும் வீட்டுக்கும், கல்லூரியில் கால் வைத்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் ஜூன் என்றால் அடகுக் கடை மாதம். தடைக்கால நிவாரணமாக அரசு இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இரண்டு மாத அரிசி பருப்புக்கே அது இழுபறி.

இன்னொரு வேடிக்கை கன்னியாகுமரி மாவட்டத்தில். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைத் தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் மீனுக்கு இரண்டு நாட்காட்டி, பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று.

டெல்டாவிலும் கதை வேறல்ல. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த வாரம் குறுவைக்கு விதையும் உழவுக் கூலியும் தேட வேண்டும். அதே வாரம் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டும். சம்பா அறுத்துக் காசு கையில் புரள்வது தை, மாசியில். தை பிறந்தால் வழி பிறக்கும்தான். பள்ளிக்கூடம் ஆனியிலேயே கேட்கிறதே!

இந்த நாட்காட்டி எங்கிருந்து வந்தது? விவசாயத்துக்காக வைத்ததா?

இல்லை. கோடை விடுமுறை வயல் வேலைக்காகப் பிறந்தது என்று அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கேயும் அது சரியில்லை. விதைப்பும் அறுவடையும் அங்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான். கிராமப் பள்ளிகள் பழைய நாளில் கோடையில் நடந்தன. நகரப் பள்ளிகள் கிட்டத்தட்ட வருடம் முழுக்கவே நடந்தன. இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தபோதுதான் நீண்ட கோடை விடுமுறை நிலைபெற்றது. நகரத்து வெயிலும், ஊரை விட்டுக் குளிர்ச்சியான இடம் தேடிப் போகும் வசதியுள்ளவர்களின் பழக்கமும் அதற்குக் கைகொடுத்தன.

இங்கே மே மாத வெயில் நிஜம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மே மாதத்தில் நீதிமன்றமும் விடுமுறை, பள்ளியும் விடுமுறை. ஒரு காலத்தில் சென்னை மாகாண அரசே கோடைக்கு ஊட்டி ஏறிவிடும். உத்தியோகஸ்தர் வீட்டு வாழ்க்கை இந்த நாட்காட்டிக்குள் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

சட்டம் என்ன சொல்கிறது? இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதன் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். எந்த மாதம் திறக்க வேண்டும், எந்த மாதம் மூட வேண்டும் என்று சட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பலருக்குத் தெரியாத இடம் இனிமேல்தான் வருகிறது. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்வது அதில் ஒன்று. கல்வியாண்டு நாட்காட்டியைத் தீர்மானிப்பது இன்னொன்று, பட்டியலின் கடைசி வரி அது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாமே சட்டத்தின் பார்வையில் உள்ளாட்சி அமைப்புகள்தாம். ஆனால் நடைமுறையில் நாட்காட்டி சென்னையில் தயாராகி, அச்சாகி, எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் வந்து சேர்கிறது. ‘எங்கள் ஊருக்கு இப்படி வேண்டும்’ என்று ஓர் ஊராட்சித் தலைவர் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது தன் வேலை என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

ஊருக்கு ஊர் மாற்றினால் ஒரே குழப்பமாகிவிடாதா?

இப்போதே ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ராஜராஜன் சதய விழாவுக்குத் தஞ்சாவூருக்கு உள்ளூர் விடுமுறை, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நாகப்பட்டினத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஆட்சியர் ஒரு கையெழுத்துப் போடுகிறார், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலைநாளாகிறது, முடிந்தது விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எதற்கு? மாவட்ட வாரியாக நாட்காட்டி மாறும் அறிவிப்புக்குத்தான். சாமிக்கும் மழைக்கும் வளைந்து கொடுக்கிற நாட்காட்டி, மீன்பிடித் தடைக்கு மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

வெளியே பார்த்தால் இமாச்சலப் பிரதேசத்தில் கோடையில் மூடும் பள்ளிகள், குளிர்காலத்தில் மூடும் பள்ளிகள் என ஒரே மாநிலத்துக்குள் இரண்டு வகை. பனி விழும் ஊருக்கு ஒரு கணக்கு, சமவெளிக்கு ஒரு கணக்கு. பிரான்ஸ் நாட்டையே மூன்று மண்டலமாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். அவர்களுக்கு ரயிலிலும் பனிச்சறுக்கு ஊர்களிலும் நெரிசல் குறைய வேண்டும், அவ்வளவுதான். உல்லாசப் பயணத்துக்காகச் செய்ய முடிந்ததைப் பிழைப்புக்காகச் செய்ய முடியாதா என்ன.

பொதுத் தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதானே, அதை என்ன செய்வது?

இலங்கையில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தை ஒட்டித் தனித் தவணைத் தேதிகள். மற்றப் பாடசாலைகளுக்கு வேறு தேதிகள். ஆனால் அங்கத்துப் பொதுத் தேர்வுகளான சாதாரண தரப் பரீட்சையும் உயர் தரப் பரீட்சையும் எல்லாருக்கும் ஒன்றுதான். பல வருடமாக நடக்கிறது. தேர்வு ஒரே நாளில் நடப்பதற்கு விடுமுறையும் ஒரே நாளில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியானால் அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடலாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள் சறுக்கி விழும் இடம் இது. தமிழ்நாடு ஒருமுறை விழுந்து எழுந்த இடமும்கூட.

1953இல் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நாளை இரண்டு வேளையாகப் பிரிப்பது; ஒரு பிள்ளைக்கு ஒரு வேளை, மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். காகிதத்தில் பார்த்தால் அதற்கும் ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது. அரசிடம் பணம் இல்லை. அதே கட்டடம், அதே ஆசிரியர், ஆனால் இரண்டு மடங்கு பிள்ளைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சலவைத் தொழிலாளி பிள்ளை மத்தியானம் வெளுக்கப் போக வேண்டும், வக்கீல் பிள்ளை வீட்டில் புத்தகம் படிக்கும் என்பதுதான் அதன் நடைமுறை அர்த்தம். ‘குலக் கல்வித் திட்டம்’ என்று மக்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், ஏப்ரல் 13ஆம் தேதி காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகு காமராஜர் பிடித்த வழி நேர் எதிரானது. பிள்ளை வேலைக்குப் போவது பசியால் என்றால், பசியைப் பள்ளியிலேயே ஆற்று. 1956இல் மதிய உணவு வந்தது அப்படித்தான்.

இந்த வரலாறு தெரியாமல் ‘வேளாண் நாட்காட்டிக்கு ஏற்ற பள்ளி’ என்று பேசுவது ஆபத்து. சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று சொன்னவர்கள், கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவி’ செய்யலாம். எப்போது? பள்ளி நேரத்துக்குப் பிறகும், விடுமுறையிலும். அறுப்பு நாளில் விடுமுறை விட்டால் அந்த விலக்கு அப்படியே வயலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்காட்லாந்தில் அக்டோபர் விடுமுறையை இன்றும் ‘உருளைக்கிழங்கு விடுமுறை’ என்றே சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கிழங்கு பொறுக்க அனுப்புவதற்காக விட்ட விடுமுறை அது. கிழங்கு எடுக்க இயந்திரம் வந்த பிறகுதான் அது விளையாட்டு விடுமுறை ஆனது.

ஆகவே நான் சொல்வது இது: வீட்டில் பணம் புழங்கும் காலத்துக்கும், குடும்பம் ஊர்விட்டு ஊர் போகும் காலத்துக்கும் நாட்காட்டி வளையட்டும். பிள்ளையின் கைக்கு வேலை இருக்கும் காலத்துக்கு அது வளையக் கூடாது.

ஊர்விட்டுப் போகும் குடும்பங்கள் என்றால் யார்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைகள் உயிர்பெறும். மண் காய வேண்டும் என்பதால் தை முதல் ஆனி வரைக்கும்தான் சீசன். அங்கே கல் அறுக்கும் பல குடும்பங்கள் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து வருகின்றன. அவர்கள் ஊரில் நுவாகாய் என்கிற புத்தரிசித் திருவிழா ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். வீட்டில் செலவு இருக்கும் அந்த நேரம் பார்த்து தரகர் முன்பணத்தோடு வருவார். முன்பணம் வாங்கினால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும்.

கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை. ஆகவே எட்டு வயதுப் பிள்ளை ஈரக் கல்லைத் திருப்பிப் போட்டாலும் அது குடும்பக் கணக்கில் ஏறும், முன்பணம் சீக்கிரம் கழியும். இந்தப் பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் அக்கறையில்லாத பெற்றோர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கூலி முறையே அந்தப் பிள்ளையை வேலைக்கு இழுக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று!

வருகிறவர்கள் மட்டுமல்ல, இங்கிருந்து போகிறவர்களும் உண்டு. ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் பழங்குடிக் குடும்பங்கள் காப்பி, மிளகு பறிக்கக் குடகுக்கும் கேரளத்துக்கும் போவது வழக்கம். காப்பி பழுப்பது மார்கழி, தை வாக்கில். அரையாண்டுத் தேர்வு நேரம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டுகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் கிளம்பினால் திரும்புவது மார்ச், ஏப்ரலில். பள்ளி வருடத்தின் நடுப்பகுதி முழுக்க அவர்கள் கரும்புக் காட்டில். அங்கே கூலியே ஒரு கத்திக்கு, அதாவது கணவன் மனைவி சேர்ந்த ஒரு ஜோடிக்கு, என்று கணக்கு.

இவர்களுக்கு நாட்காட்டி என்ன செய்ய முடியும்?

ஒரு வருடம் என்கிற ஒற்றைக் கட்டியை உடைக்க வேண்டும். இப்போது ஜூனில் சேர்ந்து ஏப்ரலில் முடித்தால்தான் ஒரு வகுப்பு. நடுவில் நான்கு மாதம் போனால் பதிவேட்டில் ‘நீண்ட நாள் வராதவர்’, அப்புறம் ‘இடைநின்றவர்’. அரை வருடத்தை ஓர் அலகாக வைத்து, முதல் பாதியை இந்த ஊரிலும் இரண்டாம் பாதியை அந்த ஊரிலும் முடிக்கலாம் என்றால் அந்தப் பிள்ளை எங்கேயும் இடைநிற்கவில்லை.

சட்டத்தில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வருடத்தில் எந்த நாள் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் கேட்டால் உடனே தர வேண்டும்; அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதப்படுத்தும் தலைமை ஆசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கைகூட உண்டு. திருவள்ளூர் சூளைப் பகுதிகளில் ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்துப் பாடம் நடத்தியதும் நடந்திருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டி ஒரு பாடநூல் பிள்ளையைத் தேடி வந்தது எனக்கு இதிலெல்லாம் பிடித்த செய்தி.

இன்னொரு வழி பருவகால விடுதி. பெற்றோர் சூளைக்குப் போகும் ஆறு மாதம் பிள்ளை ஊரிலேயே தங்கிப் படிக்கும். ஒடிசாவிலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கிறது. பயன் உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ஆறு மாதம் தாயிடமிருந்து பிரிப்பதை நான் கொண்டாட மாட்டேன். கூலி முறை தவறு, விலை கொடுப்பது பிள்ளை.

எங்காவது இப்படி வளைந்து கொடுத்து வெற்றி பெற்றிருக்கிறார்களா?

வங்கதேசத்தில் பிராக் என்கிற தொண்டு நிறுவனம் 1985இல் 22 பள்ளிகளோடு தொடங்கியது. ஓர் அறை, ஓர் ஆசிரியை, சுமார் முப்பது பிள்ளைகள். காலையா மாலையா, எந்த நாள் விடுமுறை என்பதைப் பெற்றோரைக் கலந்து முடிவுசெய்தார்கள். இடைநின்ற பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பெருவாரியாக வந்தார்கள், பின்னாளில் பல்லாயிரம் பள்ளிகளாகப் பெருகியது. ஒரு வேளைப் பள்ளிதானே இதுவும், ராஜாஜி திட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். ராஜாஜி திட்டம் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளையின் நேரத்தைப் பாதியாக்கியது. இது பள்ளிப் பக்கமே வராத பிள்ளைக்கு மூன்று மணி நேரத்தைக் கொடுத்தது. தவிர, மிச்ச நேரம் அப்பன் தொழில் பழகு என்று பிராக் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

கொலம்பியாவில் ‘எஸ்குவேலா நுவேவா’, அதாவது புதிய பள்ளி, என்று ஒரு முறை 1970களில் மலைக் கிராமங்களில் தொடங்கியது. பாடங்கள் சிறு சிறு அலகுகளாக, பிள்ளை தானே படித்துப் போகும்படி இருக்கும். காப்பி பறிக்கும் காலத்தில் ஒரு பிள்ளை சில வாரம் வராவிட்டாலும், திரும்பி வந்து விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். தோல்வி என்ற முத்திரை விழாது. நாட்காட்டியைத் தொடாமலே அதன் கடுமையை உடைத்துவிட்டார்கள்.

நீண்ட கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் மறக்கிறார்கள் என்று ஆய்வு இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோரில் 1982இல் முதல் வகுப்புச் சேர்ந்த பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி நடக்கும்போது ஏழை, பணக்காரப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள். விடுமுறையில்தான் இடைவெளி விரிகிறது என்றார்கள். பள்ளி திறந்திருக்கும்போது குழாய் எல்லா வீட்டுக்கும் திறந்திருக்கிறது, மூடினால் வசதியான வீட்டில் மட்டும் தண்ணீர் வருகிறது என்பது அவர்கள் சொன்ன உவமை. தெருக்குழாயில் குடம் வைத்து நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். பின்னால் பால் வான் ஹிப்பெல் என்கிற ஆய்வாளர் புதிய தரவுகளோடு பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. பழைய தேர்வுகளில் மதிப்பெண் அளந்த விதமே இடைவெளியைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்றார். வாதம் இன்னும் ஓயவில்லை.

மறதியை விட்டுத் தள்ளுங்கள், சோற்றைப் பற்றிப் பேசலாம்.

விடுமுறையில் சாப்பாட்டுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் சத்துணவு 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவானது. தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இரண்டுமே பள்ளி வேலைநாளில் மட்டும். 220 நாள் சத்துணவு என்றால் மிச்சம் 145 நாள் அடுப்பு அணைந்து கிடக்கிறது. நாட்காட்டியின் ஒவ்வொரு சிவப்பு எழுத்தும் ஏதோ ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றின் விலை.

உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. அதே தர்க்கத்தை நீட்டினால், மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோர ஊர்களிலும், மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் ஊர்களிலும் விடுமுறை நாள் சமையல் நடத்தலாம். சமையல்கூடம் இருக்கிறது, அமைப்பாளர் இருக்கிறார், பாத்திரமும் இருக்கிறது.

வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளிப்போட வேண்டாமா?

ஏற்கெனவே தள்ளிப்போகிறது. 2023இல் திறப்பு ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் போனது. 2024இல் ஜூன் 10 ஆனது. கேரளத்தில் நேர்மாறான பேச்சு: ஏப்ரல், மே விடுமுறையை மழை கொட்டும் ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025இல் கல்வியமைச்சர் சிவன்குட்டியே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார். அங்கே மழை, இங்கே வெயில். ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் மே மாத மத்தியானத்தைக் கழிக்கும் பிள்ளைக்கு மின்விசிறியும் தண்ணீரும் உள்ள பள்ளிக் கட்டடம் சில நேரம் வீட்டைவிட மேல் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வருடம் முழுக்கப் பள்ளி வைத்துவிட்டால்?

வேலைநாளைக் கூட்டாமல் விடுமுறையை மட்டும் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பிய பள்ளிகள் அமெரிக்காவில் நிறைய. படிப்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா?

கேட்டுப் பார்த்தால்தானே தெரியும். அவர்கள் விடுமுறையில் விடைத்தாள் திருத்தமும் தேர்தல் வேலையும் ஏற்கெனவே பங்கு கேட்கின்றன. எனக்கு அதைவிடக் கவலை வேறு ஆசிரியர்களைப் பற்றி. 2012இல் அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மே மாதச் சம்பளம் கேட்டு வருடக்கணக்காகப் போராடி வந்தவர்கள். தனியார் பள்ளி ஆசிரியைகள் பலருக்கும் மே என்றால் சம்பளமில்லாத மாதம்தான். பிள்ளைக்கு விடுமுறை, அவருக்கு வேலையின்மை. நாட்காட்டி ஆசிரியர்களையும் இரண்டு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது.

பொருளாதாரத்தை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றி என்ன பயன்?

பாதிப் பயன். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. வங்கிகளுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டும் தேதியை அறுவடையையும் விற்பனைக் காலத்தையும் பார்த்து வைக்கிறார்கள். குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம் தவறினால்தான் வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. லாபம் பார்க்கிற வங்கிக்கே விவசாயியின் மாதம் தெரிகிறது, பள்ளிக் கட்டண மேஜைக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009இல் சட்டம் வந்து, குழுவும் இருக்கிறது. எவ்வளவு வாங்கலாம் என்று சொல்லும் அந்தக் குழு, எப்போது வாங்கலாம் என்றும் சொல்லட்டும். கடலோரத்தில் ஆடிக்குப் பிறகு, டெல்டாவில் பாதிக் கட்டணம் தையில்.

நிவாரணமும் அப்படியே. மீன்பிடித் தடைக்காலத் தொகையில் ஒரு பங்கு ஜூன் முதல் வாரத்தில் கையில் விழுந்தால் அதன் மதிப்பே வேறு. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறதே, அதன் பெரிய குணம் தொகையைவிட அதன் ஒழுங்கு. மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே இருந்த ஒரு வசதி, தேதி தவறாமல் காசு வரும் வசதி, சிறிய அளவில் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கும் கிடைத்தது. ஆனால் சூளையில் ஆயிரம் கல் கணக்கும் முன்பணமும் இருக்கும்வரை, எந்த நாட்காட்டியைக் கொண்டுவந்தாலும் அந்தப் பிள்ளைக்கு விடியாது. அங்கே முதலில் போக வேண்டியவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். கல்வித் துறை அவர் பின்னால் போகலாம்.

ஒரு பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும்?

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுவின் வேலை. கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று எழுதும் அந்தத் தாளில், ‘எங்கள் ஊரில் எந்த மாதம் பிள்ளைகள் குறைகிறார்கள், ஏன்’ என்று ஒரு பத்தி சேர்க்கலாம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் கிராம சபை. வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. அதில் மே 1 பள்ளி திறப்பதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் வருகிறது. 9ஆம் பிரிவின் நகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஊராட்சிக்கு நாட்காட்டி போடும் கடமை இருக்கிறதா இல்லையா என்று தலைவரிடம் கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.